குயிற்குடி மலைவலம்

ஊர் சுற்றிப் பார்ப்பது என்றால் நம்மவருள் பெரும்பாலோர் இரயில் நிலையத்தை நோக்கியே புறப்படுகின்றனர். தொலைவிலுள்ள தாஜ்மகாலைக் கண்டு வந்தவர் பலர்; தம் வீட்டு மாடியிலிருந்து நாள்தோறும் தெரியும் குன்றின்மேல் ஒருமுறையேனும் ஏறிப் பார்த்தவர் சிலரே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் வரலாறு கற்பித்தவன் நான். பாடப் புத்தகத்தில் அசோகனையும் அக்பரையும் அறிந்த மாணவர்கள், தம் ஊர்ப் பெயர் எத்தனை ஆண்டுப் பழமை உடையது என்பதை அறியாதிருக்கக் கண்டிருக்கிறேன். அது அவர்கள் குறையன்று. அவர்களை அழைத்துச் சென்று காட்டுவார் இல்லாத குறை. ஆகவே இன்று ஒரு சிறு நடையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். குளக்கரையில் தொடங்கி, குன்றின் உச்சியைத் தொட்டு, அடிவாரத்தைச் சுற்றி, மீண்டும் அதே குளக்கரைக்கு வந்து சேரும் நடை அது. காலை இளவெயிலில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். சிறுவரும் நடக்கலாம், என்னைப் போன்ற முதியவரும் ஆங்காங்கே அமர்ந்து இளைப்பாறி நடக்கலாம்.

மதுரையிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில், மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் நாகமலைப் புதுக்கோட்டை இருக்கிறது. அங்கிருந்து பிரிந்து சென்றால் கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் வரும். ஊரை ஒட்டி நீண்டு கிடக்கும் பாறைக் குன்றுக்குச் சமணமலை என்று பெயர். அமணர்மலை என்றும் கூறுவர். மதுரையைச் சூழச் சமணர் வாழ்ந்த எட்டு மலைகளை எண்பெருங்குன்றம் என்று பழையோர் குறித்தனர். அவற்றுள் ஒன்றாக இம்மலை எண்ணப்படுகிறது.

மலையின் அடியில் தாமரைக்குளம். பெரிய ஏரி என்று சொல்வதற்கில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நீர் நிறைந்து, தாமரை இலைகள் பரந்து, எதிரேயுள்ள பாறையின் நிழலைத் தாங்கி நிற்கும். மலையில் விழும் மழை பாறைச் சரிவில் வழிந்து அடிவாரத்தில் தங்குவதற்கு நம் முன்னோர் கரை கட்டி வைத்தனர். குன்று, குளம், குடி என்னும் மூன்றும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கும். குன்று நீரைத் தருகிறது. குளம் அதனைத் தேக்குகிறது. குடி அதனைக் காக்கிறது. இம்மூன்றனுள் ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் நிலைபெறா. இந்த உண்மையை நடையின் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்வது நன்று.

குளக்கரையில் அய்யனார் கோயில் இருக்கிறது. கருப்பசாமியும் அங்கே இருக்கிறார். ஆலமரங்கள் விழுதூன்றி நிற்கின்றன. அம்மரநிழலில் சற்றே அமர்ந்து மலையை நிமிர்ந்து பார்த்தால் ஓர் ஐயம் எழும். மலையின் பெயரோ சமணமலை; அடிவாரத்துத் தெய்வமோ அய்யனார். இஃது எவ்வாறு பொருந்தும்? பொருந்தும் என்பதே நம் நாட்டு வரலாறு. ஒரு சமயம் மங்கிய இடத்தில் மற்றொரு சமயம் தழைக்கிறது. ஆயினும் மக்கள் வழிபட்ட இடத்தை விடாது வழிபடுகின்றனர்.

இனி மலை ஏறுவோம். பாறையிலே படிகள் வெட்டப்பட்டுள்ளன. மூச்சு வாங்கத் தொடங்கும் வேளையில் ஒரு சுனையும், அதன் அருகே பாறைச் சுவரில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களும் கண்ணில் படும். இந்த இடத்துக்குப் பேச்சிப்பள்ளம் என்று பெயர். பேச்சியம்மன் பெயரால் மக்கள் இதனை அழைக்கின்றனர். பாறையில் உள்ள எட்டு உருவங்களும் சமணச் சிற்பங்கள். ஐந்தலைப் பாம்பு குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். கால்களைக் கொடி சுற்றிப் படர, அசையாது நிற்பவர் பாகுபலி; அவர் அருகே இரு பெண்கள் நிற்கின்றனர். பாகுபலியின் உடன்பிறந்தாராகிய பிராமியும் சுந்தரியுமே அவ்விருவர் என்பர். இவர்களின் தந்தையாகிய ஆதிநாதர், மகள் பிராமிக்கு எழுத்துக் கற்பித்தார் என்றும், அவள் பெயரே எழுத்துக்கு வழங்கியது என்றும் சமணர் கூறுவர். இது புராணமே. ஆயினும் ஒரு பெண்ணின் பெயரை எழுத்துக்கு வைத்த கதை, ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்த கதை.

இச்சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் உள்ளன. வட்டெழுத்து என்பது பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் முற்காலத்தில் வழங்கிய எழுத்து. சோழர் பாண்டிய நாட்டை வென்ற பிறகு, இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோடியான வடிவம் இங்கே பரவிற்று. வட்டெழுத்து படிப்படியாக வழக்கொழிந்தது. அதனால்தான் இம்மலையின் எழுத்துகள் நெடுங்காலம் யாராலும் படிக்கப்படாமல் இருந்தன. எழுத்து மறந்துபோனால் எழுதியதும் மறந்துபோகும்.

பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டுகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, ஓர் உருவத்தை அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று கூறுகிறது. அச்சணந்தி என்பவர் அக்காலத்துப் பெருந்துறவி. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், திருநெல்வேலிப் பகுதியிலுள்ள ஏர்வாடி ஆகிய இடங்களிலெல்லாம் அவர் பெயர் பாறைகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து, சென்ற இடமெல்லாம் திருவுருவங்கள் தோன்றச் செய்தவர் அவர். துறவி தம் குடும்பத்தைத் துறக்கிறார். ஆனால் தாய் மகனைத் துறப்பதில்லை. குணமதியார் செய்வித்த உருவத்தின் கீழே 'அச்சணந்தியின் தாய்' என்பதே அவருக்கு அடையாளமாக நிற்கிறது. இக்கல்வெட்டு இல்லையேல் இந்த அம்மையாரை உலகம் அறிந்திருக்காது. அரசர் பெயர்களையே நெட்டுருச் செய்யும் மாணவனுக்கு, அரசியல்லாத ஒரு தாயின் பெயரும் வரலாற்றில் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே செல்லும்போது பாறை சற்றுச் செங்குத்தாகும். அங்கே ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இது 9ஆம் நூற்றாண்டில், பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் அமைந்த மாதேவிப் பெரும்பள்ளி என்பர். பள்ளி என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று நமக்கு மணியோசையும் கரும்பலகையும் நினைவுக்கு வருகின்றன. அன்று அச்சொல் சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்தைக் குறித்தது. துறவிகள் படுத்துறங்கிய இடம் பள்ளி. அங்கே அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் நூலும் கற்பித்தமையால், கற்பிக்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று என்று அறிஞர் விளக்குவர். வாழ்நாள் முழுதும் பள்ளியில் கழித்த ஒருவன் இந்த வெற்று அடித்தளத்தின் முன்னே சற்று நேரம் நிற்காமல் போக முடியாது.

உச்சிக்குச் சென்றால் விளக்கேற்றும் கல்தூண் ஒன்று உண்டு. அதன் அருகே பாறையில் கன்னட மொழிக் கல்வெட்டு இருக்கிறது. அது சமணத் துறவியர் பெயர்களைக் கூறுகிறது. மதுரைக்கு அருகில் கன்னடக் கல்வெட்டு எவ்வாறு வந்தது? கன்னட நாட்டிலிருந்து துறவியர் இங்கே வந்து தங்கினர் என்பதே விடை. பாறையைப் படுக்கையாகக் கொண்டவர்க்கு மொழி எல்லை பெரிதாகத் தோன்றவில்லை.

உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குக. நாகமலை பாம்புபோல் நெளிந்து கிடக்கிறது. மறுபுறம் திருப்பரங்குன்றம் தெரிகிறது. நெல்வயலும் தென்னந்தோப்பும் குறைந்து, வீட்டு மனைகள் பெருகி வருவதும் தெரிகிறது. நாம் நிற்கும் இதே மலைத்தொடர் முத்துப்பட்டிப் பக்கமாக நீள்கிறது. அங்கே ஒரு குகைத்தளத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்பிராமி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நாகபேரூரையும், முசிறிகோடன் என்னும் பெயரையும் குறிக்கிறது. முசிறி, சேரநாட்டுத் துறைமுகம். உரோமர் மிளகு வாங்க வந்த இடம். மேலைக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஒருவர் பெயர் வைகைக் கரையை அடுத்த இக்குன்றில் எழுதப்பட்டிருக்கிறது. நம் சிற்றூர்கள் என்றும் தனித்துக் கிடந்தவை அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வந்த வழியே இறங்கி, மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தால், மலையின் தென்மேற்குப் பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகையை அடையலாம். புடவு என்றால் குகை. அங்கே குகைக்கு வெளியே பாறையில் பெரியதொரு தீர்த்தங்கரர் திருவுருவம் அமர்ந்த கோலத்தில் விளங்குகிறது. தலைக்குமேல் முக்குடை, இருபுறமும் சாமரை வீசுவோர். நீண்ட காதும் அமைந்த முகமும் உடைய அவ்வுருவத்தைச் செட்டியார் ஒருவர் அமர்ந்திருப்பதாக ஊரார் எண்ணினர். அதனால் செட்டிப்புடவு என்னும் பெயர் வந்தது என்பர். யார் என்று தெரியாத ஒருவரையும் ஓர் உறவுமுறைக்காரர்போல் ஏற்றுப் பெயரிட்டு அழைப்பது நம் மக்கள் இயல்பு. குகையின் உள்ளே ஐந்து உருவங்கள் இருக்கின்றன. மூன்று, தீர்த்தங்கரர். ஒன்று, சிங்கத்தின்மீது அமர்ந்து, யானைமேல் வரும் பகைவனோடு போரிடும் இயக்கி. மற்றொன்று, அமைதியாக அமர்ந்திருக்கும் இயக்கி. கொல்லாமையை உயிராகக் கொண்ட சமயத்தின் குகையில் போர்க்கோலம் பூண்ட பெண் தெய்வம் இருப்பது வியப்பே.

இனி, இந்த நடைக்கு உயிராக இருப்பதைச் சொல்கிறேன். வெளியே அமர்ந்திருக்கும் அந்தப் பெரிய திருவுருவத்தின் அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் கருத்து இது: வெண்புநாட்டுத் திருக்குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி அடிகளின் மாணவர் குணசேனதேவர், அவர் மாணவர் கனகவீரப் பெரியடிகள், அவர், அமிர்தபராக்கிரம நல்லூர் என்னும் குயிற்குடி ஊரார் பேரால் இத்திருமேனியைச் செய்வித்தார், பள்ளியின் சிவிகையார் இதனைக் காப்பாராக.

திருக்குறண்டி, இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியில் இருந்த பெரிய சமணப் பள்ளி. ஆசிரியர், அவர் மாணவர், அம்மாணவரின் மாணவர் என்று மூன்று தலைமுறைக் கல்வி மரபைக் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. அதைவிட நம்மை நிறுத்தி வைப்பது 'குயிற்குடி ஊரார் பேரால்' என்னும் தொடர். செல்வர் ஒருவர் பேரால் அன்று, அரசன் பேரால் அன்று, ஊரார் பேரால். ஓர் ஊர் முழுமைக்கும் நன்மை உண்டாக வேண்டும் என்று ஒரு துறவி பாறையில் எழுதி வைத்தார். அந்த ஊரின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் குயிற்குடி, இன்றும் குயில்குடி. எத்தனை அரசுகள் வந்து போயின! பாண்டியர், சோழர், சுல்தான்கள், விசயநகரத்தார், நாயக்கர், நவாபுகள், ஆங்கிலேயர் என ஆண்டவர் அனைவரும் மாறினர். ஊர்ப் பெயர் மாறவில்லை.

நான் மாணவர்களை இங்கே அழைத்துவந்த ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. கல்வெட்டின் கருத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். குயிற்குடி என்னும் பெயர் வந்தவுடன், அவ்வூர் மாணவன் ஒருவன் இடைமறித்து, "ஐயா, அது எங்கள் ஊரா?" என்று கேட்டான். "ஆம், உங்கள் ஊரேதான்" என்றேன். அவன் அருகே சென்று, தொடாமல், எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "எங்கள் ஊரைப் பற்றி நல்லதாகவும் எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டான். நான் உடனே விடை கூறவில்லை. அவன் கேட்டதில் ஒரு நூற்றாண்டுத் துயரம் அடங்கியிருந்தது.

அத்துயரத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த நடை பாதியில் நின்றதாகும். ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடிய சட்டத்தை இயற்றியது. சில குலங்களில் பிறந்தவர் அனைவரும் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்பது அச்சட்டத்தின் கருத்து. 1911இல் அச்சட்டம் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் மீது அது முதலில் பாய்ந்த இடம் இந்தக் கீழக்குயில்குடி, ஆண்டு 1914. ஊரிலுள்ள ஆண்களின் பெயர்கள் ஏட்டில் பதியப்பட்டன. விரல் ரேகைகள் எடுக்கப்பட்டன. அதனால் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ரேகை வைத்தவர் இரவில் காவல் நிலையத்தில் தம் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் சென்றால் ராதாரிச் சீட்டு வேண்டும். மணமான இளைஞனும் வயதான தந்தையும் இரவைத் தம் வீட்டில் கழிக்க உரிமை இல்லை. சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அனைவரையும் இச்சட்டம் வளைத்துக்கொண்டது. உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர்.

இதனை எதிர்த்து மன்றத்திலும் மேடையிலும் போராடியவர் பலர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுள் ஒருவர். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த அவரை மக்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் இச்சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுதும் நீக்கப்பட்டது.

ஆகவே கீழக்குயில்குடிக்கு இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று பாறை, மற்றொன்று தாள். பாறையில் ஊரார் அறச்செயலுக்கு உரியவராக எழுதப்பட்டுள்ளனர். தாளில் ஊரார் ஐயத்துக்கு உரியவராக எழுதப்பட்டனர். முன்னது ஊரார்க்கு நலம் வேண்டி ஒரு துறவி எழுதியது; பின்னது ஊராரைக் கேளாமலே ஓர் அரசு எழுதியது. பாறையில் கையெழுத்து ஏதும் இல்லை; தாளிலோ கட்டைவிரல் மை இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்தவனே வரலாறு படித்தவன்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே வாழ்ந்தவரே இன்றுள்ளவரின் நேர் முன்னோர் என்று நான் சாதிக்க வரவில்லை. குடிகள் பெயர்வதும் கலப்பதும் எங்கும் உள்ளதே. ஆயினும் ஊர் என்பது குருதியால் மட்டும் ஆவதன்று. அதே குளத்து நீரைக் குடித்து, அதே மலை நிழலில் உழுது, அதே பெயரைத் தாங்கி வாழ்பவர் எவரோ, அவரே அவ்வூரார். பாறையில் எழுதிய நற்பெயருக்கு அவர்களே உரியவர். அந்த மாணவனுக்கு நான் அன்று கூறிய விடையும் இதுவே: "நல்லதாகத்தான் முதலில் எழுதினார்கள், அதைத்தான் கல்லில் எழுதினார்கள்."

கல்வெட்டின் இறுதியில் உள்ள காவல் என்னும் கருத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சிவிகையார் என்போர் பல்லக்குச் சுமப்பவர். திருவுருவத்தைக் காக்கும் பொறுப்பு வேலேந்திய படையிடம் கொடுக்கப்படவில்லை. தோளில் சுமை தாங்கி உழைக்கும் எளியவரிடம் கொடுக்கப்பட்டது. இப்பகுதிக் கள்ளர்க்கும் பழங்காலம் தொட்டு ஊர்க்காவல் என்பதே தொழிலும் உரிமையுமாக இருந்தது. அவ்வுரிமையை ஆங்கில அரசு ஏற்கவில்லை. காவலாளியைக் கள்வன் என்று எழுதிவைத்ததே அந்தச் சட்டத்தின் பெரும் கொடுமை.

இன்றும் இம்மலைக்குக் காவல் வேண்டியிருக்கிறது. சிற்பங்களும் கல்வெட்டுகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆனாலும் கருங்கல்லுக்கு விலை ஏறிய காலத்தில் மதுரை வட்டாரக் குன்றுகள் பல உளிக்கும் வெடிக்கும் இரையாயின. சமணமலையும் கல் உடைப்போர் கண்ணுக்குத் தப்பவில்லை. 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஆனைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, அதனை எதிர்த்து நின்று நிறுத்தியவர் அம்மலையடி மக்களே. அக்காலத்தை ஒட்டி மதுரையில் தோன்றிய 'பசுமை நடை' என்னும் குழுவினர், நூற்றுக்கணக்கானவரை விடியற்காலையில் இத்தகைய குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, கல்வெட்டு அறிஞரைக் கொண்டு விளக்கச் செய்து வருகின்றனர். ஒரு மலையைக் காக்க எளிய வழி, அதன்மேல் பலர் நடப்பதே என்பதை அவர்கள் கண்டனர். யாரும் போகாத மலை, யாரும் அறியாமலே மறையும்.

போகிறவரும் மலைக்குத் துன்பம் செய்யாமல் இருத்தல் வேண்டும். சிற்பத்தின் அருகே தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் கீறி வைப்போர் இருக்கின்றனர். ஆயிரம் ஆண்டு எழுத்தின்மேல் ஆணியால் கிறுக்குவது, தாத்தா எழுதிவைத்த உயிலின்மேல் பேரன் கிறுக்குவதை ஒக்கும். இந்த மலை தன்னிடம் உள்ளதை எல்லாம் இன்னும் நமக்குச் சொல்லி முடிக்கவில்லை. பலமுறை ஆராயப்பட்ட இதே மலையில் 2012ஆம் ஆண்டில் புதிதாக ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. ஈராயிரம் ஆண்டு அங்கேயே இருந்த எழுத்து, காணும் கண்ணுக்காகக் காத்திருந்தது. ஒருவர் வைத்த வெடியில் அப்பாறை சிதறியிருந்தால், நாம் இழந்தது இன்னது என்றுகூட அறிந்திருக்க மாட்டோம்.

செட்டிப்புடவிலிருந்து இறங்கி அடிவாரப் பாதையில் திரும்பினால் சிறிது நேரத்தில் ஆலமரமும் அய்யனாரும் குளமும் எதிர்ப்படும். வட்டம் நிறைவு பெற்றது. நடந்த தொலைவு சிலவே கிலோமீட்டர். கடந்த காலமோ ஈராயிரம் ஆண்டு. முசிறிகோடன், குணமதியார், கனகவீரப் பெரியடிகள், கன்னடத் துறவியர், ரேகை வைக்கப்பட்ட உழவர் ஆகிய அனைவரையும் ஒரே காலைப் பொழுதில் கண்டு வந்தோம்.

ஆசிரியராக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவரை வெளியூர்ச் சுற்றுலா அழைத்துச் செல்கிறீர்கள், நன்று. அதற்கு முன் ஒரு காலையில், பள்ளிக்கு அண்மையிலுள்ள குன்றுக்கோ குளத்துக்கோ நடத்திச் செல்லுங்கள். நாமக்கல்லில் இருப்பவர்க்கும் திருவண்ணாமலையில் இருப்பவர்க்கும் புதுக்கோட்டையில் இருப்பவர்க்கும் அருகே ஒரு பாறையும் ஒரு கல்வெட்டும் காத்திருக்கின்றன. செலவு மிகுதியில்லை, குடிக்க நீரும் கட்டுச்சோறும் போதும். அங்கே மாணவன் தன் ஊர்ப் பெயரைக் கல்லில் காண்பானாயின், பிறர் தாளில் என்ன எழுதினாலும் தலை குனிய மாட்டான். தன் ஊர்ப் பாறையையும் பிறர் உடைக்க விடமாட்டான்.